ரைசன் 5600எக்ஸ்: ஃபுல் லோடில் விழாமல் ஓடுகிறது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது

இரவுப்பூனை

வணக்கம் மக்களே. மெஷின் விவரம் முதல்ல.

ரைசன் 5 5600எக்ஸ் (ஏஎம்டியோட ஆறு கோர் ப்ராசசர்), பி550 சிப்செட் போர்டு, 8 ஜிபி ரேம் ரெண்டு (டிடிஆர்4-3600, ஸ்டிக்கர்ல டைமிங் 16-19-19-39, 1.35 வோல்ட்), 120 மிமீ ஃபேன் போட்ட ஒத்தை டவர் கூலர், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை).

வேகத்தை ஏத்த பயாஸ்ல (போர்டோட செட்டிங் மெனு) வச்சிருக்கறது: எக்ஸ்எம்பி (ரேம் கம்பெனி எழுதி வச்ச வேக ப்ரொஃபைல்) ஆன் பண்ணிட்டு ரேமை 3800க்கு ஏத்தினேன், எஃப்கிளாக் (ப்ராசசர் உள்பாகங்களை இணைக்கற ஃபேப்ரிக்கோட வேகம்) 1900. பிபிஓ (ப்ராசசர் தானா வேகம் ஏத்தறதுக்கான வரம்பைத் தளர்த்தறது) லிமிட் "மதர்போர்டு", ஸ்கேலர் 10, மேக்ஸ் பூஸ்ட் +200. கர்வ் ஆப்டிமைசர் (கோருக்குப் போற வோல்டேஜைப் படிப்படியாக் குறைக்கறது) எல்லா கோருக்கும் நெகட்டிவ் 30. எல்எல்சி (லோடுல வோல்டேஜ் சரியறதை நிமிர்த்தற செட்டிங்) லெவல் 1. எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசசர்ல கோர் தவிர்த்த பகுதிக்கு) ஆட்டோ.

ப்ராசசரை முழுசா வேலை வாங்கற சோதனை ரெண்டு ஓட்டினேன்: சினிபெஞ்ச் ஆர்23 அரை மணி நேரம் பாஸ். பிரைம்95 ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி நேரம் பாஸ். ஆனா பிரவுசர்ல நாலு டேப் திறந்து வச்சுட்டு எழுந்து போனா, திரும்பி வரும்போது லாகின் ஸ்கிரீன் நிக்குது. ப்ளூ ஸ்கிரீன் கிடையாது. ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸோட பதிவேடு) வீயா-லாகர் (ஹார்டுவேர் பிழைப் பதிவு) 18 மூணு தடவை, 19 நூத்துக்கணக்குல. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?

தகரடப்பா

எஸ்எம்பிஎஸ்ஸை விடுங்க தம்பி. ஒரே உடம்பில் ரெண்டு வியாதி, அவ்வளவுதான். ரெண்டையும் தனித்தனியாப் பார்க்கணும்.

19 என்பது திருத்தப்பட்ட பிழை. உள்ளே "பஸ்/இன்டர்கனெக்ட் எரர்"னு எழுதியிருக்கும். எஃப்கிளாக் 1900ல ஃபேப்ரிக் தடுமாறுது; தப்பாப் போன தரவை மறுபடி அனுப்பிச் சமாளிக்குது. மெஷின் விழாது, ஆனா வேகம் குறையும். சவுண்டு கரகரக்கும், யுஎஸ்பி துண்டாகும். "3800 போட்டேன், 3600ஐ விட ஸ்கோர் கம்மி"னு வர்ற புலம்பல்ல பாதி இந்த வகைதான்.

18 உயிரை எடுக்கற பிழை. "கேஷ் ஹையரார்க்கி எரர்"னு இருக்கும். ஒரு கோர் தப்புப் பண்ணிடுச்சு, ப்ராசசர் தானே கண்டுபிடிச்சு ரீசெட் போட்டுடுச்சு. அதனாலதான் ப்ளூ ஸ்கிரீன் வரல. அந்தப் பதிவுலயே "ப்ராசசர் ஏபிஐசி ஐடி"னு ஒரு எண் இருக்கும். 5600எக்ஸ்ல அதை ரெண்டால வகுங்க. 4 அல்லது 5னா கோர் 2, 8 அல்லது 9னா கோர் 4. எண்ணிக்கை 0ல ஆரம்பிக்குது, மறந்துடாதீங்க. குற்றவாளி பேரு லாக்லயே இருக்கு.

ஃபுல் லோடில் பாஸ், சும்மா இருந்தா ஃபெயில். இது எப்படி? ஆறு கோரும் வேலை செய்யும்போது மின்சக்தி வரம்பும் சூடும் கிளாக்கை (ஓடற வேகம்) 4.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல பிடிச்சு வச்சிருக்கும். உச்சத்தைத் தொடவே விடாது. பிரவுசர்ல ஒரு டேப் கண் சிமிட்டும்போது ஒரே ஒரு கோர் தூக்கத்துல இருந்து எழுந்து நேரா 4.85க்குத் தாவும். அந்த உச்சியிலதான் சிப்புக்கு வோல்டேஜ்ல மிச்ச இடம் மிகக் குறைவு. கர்வ் ஆப்டிமைசர்ல ஒரு படி சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். முப்பது படின்னா 90ல இருந்து 150 மில்லிவோல்ட் உருவிட்டீங்க. கூடவே +200னு ஏணியையும் நீட்டிட்டீங்க. சினிபெஞ்ச் அந்த ஏணிப் பக்கமே போகாது, அதனால பாஸ்.

இப்ப செய்ய வேண்டியது: பயாஸ்ல "லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்". எக்ஸ்எம்பி கூட வேண்டாம். ஒருநாள் ஓட்டுங்க. 18 வரலைன்னா ஹார்டுவேர் சரி. அதுக்கப்புறம் ரேம், பிறகு எஃப்கிளாக், பிறகு பிபிஓ வரம்பு, கடைசியா கர்வ். ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும்.

கொதிகலன்

இவ்வளவு சுத்தணுமா? பிபிஓவை ஆஃப் பண்ணுங்க. மல்டிப்ளையர் 47 (எல்லாக் கோரும் 4.7 கிகாஹெர்ட்ஸ்), விகோர் (கோர் வோல்டேஜ்) 1.35 ஃபிக்ஸ், முடிஞ்சது. ஐடில் ரீஸ்டார்ட் எல்லாம் பறந்துடும். பழைய காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணோம்.

தகரடப்பா

@கொதிகலன் சாண்டி பிரிட்ஜ் (பழைய இன்டெல் சிப்) காலத்துல அது சரி. இதுல சரியில்ல.

5600எக்ஸ் ஒண்ணும் தொடாமலே ஒரு கோர்ல 4.65 போகும். பிபிஓவோட 4.85. நீங்க எல்லாத்தையும் 4.7ல கட்டிப்போட்டா, கேமுக்கும் பிரவுசருக்கும் வேண்டிய ஒத்தைக் கோர் வேகத்துல 150 மெகாஹெர்ட்ஸ் போச்சு. அதைவிடப் பெரிய விஷயம்: மேனுவல் மோடுக்குப் போன உடனே பிபிடி (மொத்த வாட் வரம்பு), டிடிசி (தொடர்ந்து ஓடற கரண்ட் வரம்பு), இடிசி (கணநேர உச்சக் கரண்ட் வரம்பு) மூணு காவலும் வேலை செய்யாது. சிப் தானா இயங்கும்போது ஒத்தைக் கோருக்கு 1.45 வோல்ட் கொடுக்கும், பார்த்தா பயமா இருக்கும், ஆனா அப்போ ஓடற கரண்ட் ரொம்பக் கம்மி. கரண்ட் ஏறினா வோல்டேஜைத் தானே இறக்கிடும். நீங்க 1.35ஐ ஃபிக்ஸ் பண்ணி ஏவிஎக்ஸ் லோடு (கரண்ட் அதிகம் இழுக்கற கணக்கு வேலை) கொடுத்தா முழுக் கரண்டும் 1.35லதான் போகும். 7 நானோமீட்டர் சிப்பு அதைத் தினமும் தாங்காது. ஆறு மாசம் கழிச்சு "முன்னாடி ஓடின செட்டிங் இப்ப ஓடல"னு இன்னொரு இழை திறப்பீங்க.

நாள் முழுக்க ரெண்டரிங் மட்டும் ஓடற மெஷின்னா ஃபிக்ஸ்டு கிளாக்குக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கேயும் 1.25க்கு மேல நான் சொல்லமாட்டேன்.

பத்துநானோ

ரேம் பகுதியை நான் எடுத்துக்கிறேன்.

முதலில் கேபினெட்டைத் திறந்து ஸ்லாட் பாருங்கள். ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. ஒன்று, மூன்றில் போட்டிருந்தால் மற்றதெல்லாம் பேசவே வேண்டாம். 3600 அங்கே எழும்பினாலும் நிலையாக நிற்பது கஷ்டம்.

பிறகு எக்ஸ்எம்பி 3600, எஃப்கிளாக் கையால் 1800. "யூகிளாக் டிஐவி1 மோடு" என்று ஒன்று இருக்கும், அதை "யூகிளாக்==மெம்கிளாக்" என்று வையுங்கள். எஃப்கிளாக், யூகிளாக் (ரேம் கட்டுப்படுத்தியின் வேகம்), மெம்கிளாக் (ரேமின் கிளாக், 3600க்கு 1800) மூன்றும் ஒன்றுக்கொன்று சமமாக ஓட வேண்டும். ஆட்டோவில் விட்டால் 3600ஐத் தாண்டியதும் சில போர்டுகள் யூகிளாக்கைப் பாதியாக்கிவிடும். தாமதம் கூடிவிடும், ஸ்கிரீனில் மட்டும் பெரிய எண் தெரியும். ஜென்டைமிங்ஸ் என்ற சின்ன நிரல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

எஸ்ஓசியை ஆட்டோவில் விடாதீர்கள். எக்ஸ்எம்பி போட்டதும் சில போர்டுகள் தேவைக்கு மேல் ஏற்றிவிடும், சில போதாமல் விடும். 1800க்கு எஸ்ஓசி 1.05 முதல் 1.1 வோல்ட், விடிடிஜி (ஃபேப்ரிக்குக்கான வோல்டேஜ், ஐஓடி, சிசிடி என்று இரண்டு) ஐஓடி 1.0, விடிடிஜி சிசிடி 0.95, விடிடிபி (ரேம் சிக்னலுக்கானது) 0.9. ஒரு விதி: இரண்டு விடிடிஜியும் எஸ்ஓசியிலிருந்துதான் உள்ளே இறக்கி எடுக்கப்படுகின்றன. அதனால் எஸ்ஓசிக்குக் குறைந்தது 0.05 வோல்ட் கீழே இருக்க வேண்டும். எஸ்ஓசி 1.05 வைத்துவிட்டு ஐஓடி 1.1 என்று எழுதினால் எழுத்தில் மட்டும்தான் 1.1.

உங்கள் ரேம் 16-19-19 என்பதால் சாம்சங் பி-டை (வேகமான ரேம் சிப் வகை) இல்லை. பெரும்பாலும் ஹைனிக்ஸ் அல்லது மைக்ரான். தைஃபூன் பர்னரில் (ரேம் சிப் வகையைக் காட்டும் நிரல்) பாருங்கள், அதுவும் சில சமயம் ஊகம்தான். இந்த வகைகளில் டிஆர்சிடி (ஸ்டிக்கரில் இரண்டாவது எண்) 19ஐ இறக்க முயல வேண்டாம், எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் அது இறங்காது. லாபம் முழுக்க துணை டைமிங்கில்தான் (ஸ்டிக்கரில் எழுதாத மற்ற காத்திருப்பு எண்கள்) இருக்கிறது, அதில் ராஜா டிஆர்எஃப்சி.

டிஆர்எஃப்சி என்பது ரேம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எடுக்கும் நேரம். அந்த நேரத்தில் ரேம் வேறு எந்த வேலையும் செய்யாது. சிப்புக்குத் தேவை நானோநொடி. பயாஸ் கேட்பதோ கிளாக் எண்ணிக்கை. கணக்கு எளிது: நானோநொடி × ரேம் வேகம் ÷ 2000. ஹைனிக்ஸ் டிஜேஆர் 260 நானோநொடி அளவில் நிற்கும்: 260 × 3600 ÷ 2000 = 468. மைக்ரான் இ-டைக்கு 300: அதாவது 540. பி-டை 160லேயே ஓடும்: 288. யாரோ பி-டைக்கு எழுதிய 288ஐ எடுத்து மைக்ரானில் போட்டால் போஸ்டே ஆகாது, மெஷின் எழும்பாது. நெட்டில் கிடைக்கும் டைமிங் படங்களை அப்படியே காப்பி அடிப்பதில் வரும் முதல் விபத்து இது.

மற்ற துணை டைமிங்குகள், 3600க்கு: டிஆர்ஆர்டி-எஸ் 4, டிஆர்ஆர்டி-எல் 6, டிஎஃப்ஏடபிள்யூ 16 (டிஆர்ஆர்டி-எஸ்ஸைப் போல நான்கு மடங்கு, அதற்குக் கீழே போட்டும் பயன் இல்லை), டிடபிள்யூடிஆர்-எஸ் 4, எல் 12, டிடபிள்யூஆர் 16, டிஆர்டிபி 8, எஸ்சிஎல் இரண்டும் 4. கியர் டவுன் மோடு ஆன். அது ஆனில் இருந்தால் ஒற்றைப்படை சிஎல் (ஸ்டிக்கரில் முதல் எண்) எடுபடாது, 15 போட்டால் 16தான் ஓடும்.

சோதனை: டெஸ்ட்மெம்5, எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக், மூன்று சுற்று. ஒரு பிழை வந்தாலும் ஃபெயில். "ஒன்றுதானே" என்பதெல்லாம் கிடையாது.

இரவுப்பூனை

அண்ணே, டிஃபால்ட்ல ஒரு நாள் ஓட்டிட்டேன், ஒரு எரர் இல்ல. 18 பதிவுகள்ல ஏபிஐசி ஐடி 4, 5, 4. அதாவது கோர் 2 தானே?

ரேம் 3600, துணை டைமிங் எல்லாம் போட்டேன், டிஆர்எஃப்சி 468. டெஸ்ட்மெம்5 முதல் சுற்றுல ஒண்ணும் இல்ல, ரெண்டாவது சுற்றுல ஒரு எரர். ரேம் 47 டிகிரி. இப்ப என்ன?

இன்னொண்ணு: பிபிஓ மெனு ரெண்டு இடத்துல இருக்கு. எதுல போடணும்? எல்எல்சி லெவல் 1னா குறைஞ்சதுதானே?

பத்துநானோ

பிழை ஆரம்பத்திலேயே வந்தால் டைமிங் அல்லது வோல்டேஜ் தப்பு. சூடான பிறகு வந்தால் டிஆர்எஃப்சி மேல் சந்தேகம் வையுங்கள். சூடு ஏற ஏற செல்லில் உள்ள சார்ஜ் சீக்கிரம் கசியும். 486 போட்டு (270 நானோநொடி) மறுபடி ஓட்டுங்கள். பாஸ் ஆனால் அதோடு விடுங்கள். ஆகாவிட்டால் ரேம் வோல்டேஜை 1.35லிருந்து 1.38. அதற்கும் மசியவில்லை என்றால் ப்ராக்ஓடிடியை (ரேம் சிக்னலுக்கான மின்தடை, ஓமில்) 36.9, 40, 43.6, 48 என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதிகம் என்றால் நல்லது என்று இல்லை, நடுவில் எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கும்.

ஒரு விஷயம்: டெஸ்ட்மெம்5 ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேம் ஆடும்போது அதன் சூடு நேராக ரேம் மேல்தான் போகும். கடைசிச் சுற்றை ஒரு ஜிபியு லோடும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

ஜம்பர்முனை

எல்எல்சியில் மாட்டினவங்க எத்தனையோ பேர். கம்பெனிக்குக் கம்பெனி திசை வேற:

ஆசுஸ்: லெவல் 1 மிக மென்மை, எண் ஏற ஏற முரட்டுத்தனம்.
எம்எஸ்ஐ: தலைகீழ். மோடு 1தான் முரடு, மோடு 8 மென்மை.
ஏஎஸ்ராக்: இதுவும் தலைகீழ். லெவல் 1 முரடு, 5 மென்மை.
ஜிகாபைட்: எண்ணே கிடையாது. ஸ்டாண்டர்டு, லோ, மீடியம், ஹை, டர்போ, எக்ஸ்ட்ரீம்.

பெரும்பாலான பயாஸ்ல பக்கத்துலயே சின்ன கோட்டுப் படம் போட்டிருப்பாங்க. கோடு எவ்வளவு சாயுதோ அவ்வளவு மென்மை. படத்தை நம்புங்க, எண்ணை நம்பாதீங்க.

எல்எல்சி என்ன பண்ணுதுன்னா: லோடு ஏறும்போது வோல்டேஜ் தானாச் சரியும், அது வடிவமைப்புலயே இருக்கற சரிவு. லோட்லைன் 1 மில்லிஓம்னு வைங்க, 80 ஆம்பியர் இழுத்தா 0.08 வோல்ட் இறங்கும். எல்எல்சி அந்தச் சரிவை நிமிர்த்துது. ஃபிக்ஸ்டு வோல்டேஜுக்கு நடுத்தரமா வைக்கலாம். பிபிஓவுக்கு வேண்டாம், ஆட்டோ அல்லது மிக மென்மை. ஏன்னா சிப் அந்தச் சரிவையும் கணக்குல சேர்த்துத்தான் கேட்குது. நீங்க நிமிர்த்தினா லோடுல கேட்டதைவிட அதிகம் போகும், சூடு ஏறும், பூஸ்ட் இறங்கும். இன்னொரு தீமை: லோடு திடீர்னு விலகும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேல குதிக்கும், திடீர்னு ஏறும்போது கீழ குத்தும். அந்த ஒரு கணத்தை மல்டிமீட்டரும் காட்டாது, ஹெச்டபிள்யூஇன்ஃபோவும் (சென்சார் அளவு காட்டற நிரல்) காட்டாது. ஆசிலோஸ்கோப்புல மட்டும்தான் தெரியும்.

பிபிஓ மெனு: "அட்வான்ஸ்டு" உள்ளே "ஏஎம்டி ஓவர்கிளாக்கிங்"னு இருக்கும், உள்ளே போகும்போது ஒரு எச்சரிக்கை காட்டி "அக்செப்ட்" கேட்கும். அங்க மட்டும் போடுங்க. முன்பக்க ட்வீக்கர் மெனுவுல இருக்கறதை ஆட்டோல விடுங்க. ரெண்டுலயும் வேற வேற எண் இருந்தா எது ஜெயிக்கும்னு போர்டுக்குப் போர்டு மாறும்.

எக்ஸ்எம்பிக்கு ஆசுஸ்ல டிஓசிபி, எம்எஸ்ஐல ஏ-எக்ஸ்எம்பினு பேரு. எல்லாம் ஒண்ணுதான். பிசிகிளாக் (போர்டோட அடிப்படைக் கிளாக்) 100லயே இருக்கட்டும். அதை ஏத்தினா பிசிஐஇயும் சேர்ந்து ஏறும், என்விஎம்இ டிரைவ்ல இருக்கற ஃபைல் கெடறதுக்கு அது நேர் வழி.

இரவுப்பூனை

அப்போ எல்எல்சில நான் முழு முரட்டுல வச்சிருக்கேன்! படம் பார்த்தேன், கோடு மட்டமா இருக்கு. மாத்திட்டேன்.

டிஆர்எஃப்சி 486ல மூணு சுற்றும் பாஸ், ஜிபியு லோடோடயும் பாஸ். 3800 ஆசையை விட்டுடட்டுமா?

பத்துநானோ

விட வேண்டியதில்லை, அளந்து போங்கள். 3733க்கு எஃப்கிளாக் 1866 (சில பயாஸில் 1867). எஸ்ஓசி 1.1, ஐஓடி 1.05, சிசிடி 0.95. ஏறின உடனே பயன்படுத்தத் தொடங்காமல், ஈவென்ட் வியூவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒய்-க்ரஞ்சர் (கணக்குப் போட்டுச் சோதிக்கும் நிரல்) அரை மணி ஓட்டுங்கள். 19 ஒன்றுகூட வரக்கூடாது. வந்தால் ஐஓடியை 0.02 ஏற்றிப் பாருங்கள், எஸ்ஓசியை 1.15க்கு மேல் கொண்டுபோக வேண்டாம். எஸ்ஓசி ஏறினால் அந்த வாட் பிபிடி கணக்கிலிருந்துதான் கழியும், கோருக்குக் குறையும்.

ஜென் 3இல் (5600எக்ஸின் தலைமுறை) 1900 எல்லாச் சிப்புக்கும் வாய்ப்பதில்லை. சில சிப்பில் 1900 எழும்பாது, 1933 எழும்பும். நடுவில் ஓட்டை மாதிரி. அது அந்தச் சிப்பின் ஜாதகம், பரிகாரம் இல்லை. 3600லிருந்து 3733க்கு வித்தியாசம் 3.7 சதவீதம்தான். துணை டைமிங் சரியாக வைத்த 3600, ஆட்டோவில் விட்ட 3800ஐ விட நன்றாக இருக்கும்.

தகரடப்பா

இப்ப பிபிஓ வரம்பு. ஸ்டாக்ல 5600எக்ஸுக்கு பிபிடி 76 வாட், டிடிசி 60 ஆம்பியர், இடிசி 90 ஆம்பியர். "மதர்போர்டு"னு போட்டா போர்டு நூத்துக்கணக்குல ஏதோ சொல்லும், அதாவது வரம்பே இல்லன்னு அர்த்தம். ஒத்தை டவர் கூலர்ல அது வெறும் சூடு. மேனுவல்ல பிபிடி 110, டிடிசி 75, இடிசி 110 வைங்க. அதுக்கு மேல கடைசி 15 வாட்டுக்கு 50 மெகாஹெர்ட்ஸ்கூடக் கிடைக்காது. "பிளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட்"ஐ மேனுவல் 85. சிப்போட சொந்த எல்லை 95, அங்க போய் முட்ட வேண்டாம்.

ஸ்கேலர் 1. பத்துன்னு போட்டா "அதிக வோல்டேஜ்லயே இன்னும் கொஞ்ச நேரம் நில்லு"னு சிப்புக்குச் சொல்றீங்க. கிளாக் கூடறது கண்ணுக்குத் தெரியாது. தேய்மானம்தான் மிச்சம்.

மேக்ஸ் பூஸ்ட்டை கர்வ் தேடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. 0ல கர்வ் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் +200 சேர்த்தா தேடினது எல்லாம் வீண், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நான் சொன்னா +100தான் சொல்வேன். கடைசி நூறுக்கு கர்வ்ல ஏழெட்டுப் படி விலை கொடுக்கணும்.

விகோர்ல "ஆஃப்செட் மைனஸ்" போட்டிருந்தா எடுத்துடுங்க. கர்வும் ஆஃப்செட்டும் சேரக்கூடாது. வோல்டேஜ் பத்தலைன்னா சிப் கிளாக்கை நீட்டிடும்: காட்டறது 4.7, உண்மையில ஓடறது 4.5. ஹெச்டபிள்யூஇன்ஃபோல "எஃபெக்டிவ் கிளாக்"னு தனி வரி இருக்கு, அதைப் பாருங்க. ஒரு கோர் முழு லோடுல இருக்கும்போது ரெண்டுக்கும் 50க்கு மேல வித்தியாசம்னா நீளுதுன்னு அர்த்தம்.

இனி கர்வ். "ஆல் கோர்" வேண்டாம், "பெர் கோர்". ஹெச்டபிள்யூஇன்ஃபோல கோர் பேருக்குப் பக்கத்துல "பெர்ஃப்" வரிசை எண் இருக்கும். 1, 2 வர்ற ரெண்டும் நல்ல கோர். வேடிக்கை என்னன்னா நல்ல கோர்லதான் கம்மியா உருவ முடியும். ஃபேக்டரியிலயே அதுக்குக் குறைஞ்ச வோல்டேஜ் எழுதி அனுப்பிட்டாங்க, உருவறதுக்கு மிச்சம் இல்ல. அதுவும் போக, ஒத்தை வேலை வந்தா விண்டோஸ் அதுங்க தலையிலதான் கட்டும். உங்க கோர் 2 அந்த ரெண்டுல ஒண்ணா இருக்கும்னு நினைக்கறேன்.

நல்ல ரெண்டுக்கும் −10, மத்த நாலுக்கும் −20. கோர்சைக்ளர் எடுத்துக்குங்க. பிரைம்95ஐ ஒவ்வொரு கோரா, ஒத்தை த்ரெட்ல ஓட்டற ஸ்கிரிப்ட் அது. கான்ஃபிக் ஃபைல்ல மோடு எஸ்எஸ்இ, எஃப்எஃப்டி "ஹ்யூஜ்", ஒரு கோருக்கு 10 நிமிஷம். எஸ்எஸ்இ ஏன்? ஏவிஎக்ஸ் அதிகம் இழுக்கும், கிளாக் இறங்கும், உச்சியைச் சோதிக்காது. நமக்கு உச்சிதான் வேணும். ஒரு சுற்று ஒரு மணி நேரம். விழுந்தா "ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டெட் லெஸ் தேன் 0.4"னு எழுதி எந்தக் கோர்னு சொல்லும். அந்தக் கோரை மட்டும் அஞ்சு படி மேல கொண்டுவாங்க. −20ல இருந்தது −15. மத்ததைத் தொடாதீங்க.

இரவுப்பூனை

பெர்ஃப் 1 கோர் 2தான். சொன்ன மாதிரியே.

மேக்ஸ் பூஸ்ட் +100, வரம்பு 110/75/110 போட்டேன். ரெண்டாவது நல்ல கோர் 5. முதல் சுற்றுல கோர் 2 −10லயே நாலாவது நிமிஷம் ரவுண்டிங் எரர். −5 ஆக்கினேன், பாஸ். கோர் 0, 1, 3 மூணும் −20ல பாஸ். கோர் 4 மூணாவது சுற்றுல விழுந்துச்சு, −15 ஆக்கினேன். ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் ஓடிடுச்சு. −30ல என் கோர் 2 எப்படி எழும்பிச்சுன்னே தெரியல!

இதோட முடிஞ்சுதா? 24 மணி நேரம் ஓட்டணும்னு சொல்றாங்களே.

கொதிகலன்

24 மணி நேரம் எல்லாம் சும்மா. கேம் ஆடும்போது விழலைன்னா போதும்.

தகரடப்பா

கேம் விழலைன்னா போதும்னா ரேமுக்கு அது செல்லாது. ரேம் பிழை சத்தம் போடாம ஃபைலுக்குள்ள போய் உட்காரும். ஒரு மாசம் கழிச்சு ஜிப் ஃபைல் திறக்கும்போது "சிஆர்சி எரர்", அதாவது ஃபைல் கெட்டுப்போச்சு. ரேமுக்கு விட்டுக்கொடுக்காதீங்க.

கர்வுக்கு நேரத்தைவிட வகை முக்கியம். கோர்சைக்ளர் ஒரே மட்டமான லோடு. உங்களுக்கு விழுந்தது தூக்கத்துல இருந்து எழும்போது. அதனால இன்னொரு சோதனை: ஓசிசிடியில் லோடை "வேரியபிள்" வச்சு, கோர் மாறி மாறிப் போற மாதிரி ஒரு மணி நேரம். அப்புறம் வெறும் டெஸ்க்டாப்ல விட்டுட்டு, ஸ்லீப் போட்டு எழுப்பி, ஒரு பத்துத் தடவை. எல்லாம் பாஸ் ஆன பிறகு, எல்லாக் கோர்லயும் ரெண்டு படி திருப்பிக் கொடுங்க. −20 இருந்தா −18. அது சோம்பேறித்தனம் இல்ல, இன்சூரன்ஸ்.

வெயிலையும் கணக்குல வைங்க. மார்கழி ராத்திரியில 24 டிகிரி ரூம்ல பாஸ் ஆனது, சித்திரை மத்தியானம் 36ல ரேம்ல விழலாம். ஆனா கர்வுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு: குளிர்ந்த ரூம்லதான் கோர் முழு உச்சியைத் தொடும், அப்பதான் விழும். ஏசி போட்டும் ஒரு சுற்று, ஏசி இல்லாமலும் ஒரு சுற்று.

எல்லாம் டிஃபால்ட்ல இருந்தும் ஐடில்ல விழுதுன்னு வேற யாராவது படிச்சுட்டு வந்தா: "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்"ஐ "டிப்பிகல் கரண்ட் ஐடில்" ஆக்கிப் பாருங்க. அப்பதான் எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகம் வரலாம், அதுக்கு முன்னாடி இல்ல.

ஜம்பர்முனை

விழறது வேற, திக்கறது வேறன்னும் சொல்லிடணும். மணிக்கு ரெண்டு தடவை ஒரு நொடி எல்லாம் உறைஞ்சு, சவுண்டு இழுத்து, மறுபடி ஓடுதுன்னா அது ஓவர்கிளாக் இல்லாமலும் வரும். ஃபர்ம்வேர் டிபிஎம்மால (ப்ராசசரோட பாதுகாப்பு வசதி) வர்ற திக்கல் அதுன்னு 2022 மார்ச்சுல ஏஎம்டியே சொல்லி, அஜீசா (பயாஸுக்குள்ள ஏஎம்டி கொடுக்கற பகுதி) 1.2.0.7ல திருத்தம் கொடுத்தாங்க. 500 வரிசை போர்டுல யுஎஸ்பி துண்டாகறதுக்கு 2021ல 1.2.0.2. பழைய பயாஸ்ல உட்கார்ந்துட்டு கர்வைக் குறை சொல்லாதீங்க.

அடுத்தது, ரேம் டைமிங் மாத்தும்போது போஸ்ட் ஆகாம நின்னா என்ன பண்றதுன்னு. ஃபேன் சுத்தும், டிஸ்பிளே வராது, போர்டுல "டிரேம்" எல்இடி எரியும். உடனே பதறி பட்டனை அழுத்தாதீங்க. ரேம் ட்ரெய்னிங் ஒரு நிமிஷம் வரை எடுக்கும், சில தடவை தானே ஆஃப் ஆகி ஆன் ஆகும், கடைசியில டிஃபால்ட்டுக்குத் திரும்பும். ரெண்டு நிமிஷம் தாண்டியும் வரலைன்னா: சுவிட்சை ஆஃப் பண்ணி கேபிளைப் பிடுங்குங்க. பவர் பட்டனை பத்து நொடி அழுத்துங்க, கெபாசிட்டர்ல மிச்சம் இருக்கறது இறங்கும். அப்புறம் பயாஸ் செட்டிங்கை அழிக்க (சிமாஸ் கிளியர்) போர்டுல ரெண்டு பின் தேடுங்க. ஆசுஸ்ல சிஎல்ஆர்டிசி, எம்எஸ்ஐல ஜேபிஏடி1, ஜிகாபைட்ல சிஎல்ஆர்_சிமாஸ், ஏஎஸ்ராக்ல சிஎல்ஆர்மாஸ்1னு எழுதியிருக்கும். ஸ்க்ரூட்ரைவர் முனையால ரெண்டையும் சேர்த்து பத்து நொடி தொடுங்க. கேபிள் சொருகி இருக்கும்போது செய்யவே கூடாது. பின் கிடைக்கலைன்னா சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம். நிறைய போர்டுல அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்.

பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) போட்டிருக்கவங்க முதல்ல ரெகவரி கீயை எழுதி வச்சுக்குங்க. பயாஸ் அப்டேட் பண்ணாலோ சிமாஸ் கிளியர் பண்ணாலோ 48 இலக்க எண்ணைக் கேட்டு நிக்கும்.

இரவுப்பூனை

ஓசிசிடி பாஸ், ஸ்லீப் பத்துத் தடவை பாஸ், ரெண்டு படி திருப்பிக் கொடுத்துட்டேன். இப்ப: கோர் 0, 1, 3 → −18, கோர் 2 → −3, கோர் 4 → −13, கோர் 5 → −8. ரேம் 3733, எஃப்கிளாக் 1866, டிஆர்எஃப்சி 504. ஒய்-க்ரஞ்சர் ஓடி முடிஞ்சும் 19 பூஜ்யம். இந்த வேகத்துல டெஸ்ட்மெம்5 மறுபடி மூணு சுற்று, ஜிபியு லோடோட, பாஸ். நாலு நாளா 18 ஒண்ணுகூட இல்ல. ஃபுல் லோடுல 78 டிகிரி, முன்னாடி 90ஐத் தொடும்.

புதுசா ஒரு பயாஸ் வந்திருக்கு. இப்ப இருக்கறதை ப்ரொஃபைல்ல சேவ் பண்ணிட்டு அப்டேட் பண்ணா திரும்ப லோட் பண்ணிக்கலாம்தானே?

ஜம்பர்முனை

முடியாது. போர்டுக்குள்ள சேவ் பண்ணது அப்டேட்ல அழிஞ்சுடும். பென்டிரைவ்ல ஏத்தி வச்சதும் அஜீசா மாறினா பல போர்டு ஏத்துக்காது. ஏத்துக்கிட்டா இன்னும் மோசம், மெனு வரிசை மாறி ஒரு எண் வேற இடத்துல போய் உட்காரலாம். பயாஸ்ல ஒவ்வொரு பக்கமா எஃப்12 அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்டேட் பண்ணிட்டு கையாலயே திரும்பப் போடுங்க. புது பயாஸ்ல கர்வ் மறுபடி ஒரு ராத்திரி ஓட்டணும், சொல்லிட்டேன்.

இரவுப்பூனை

எஃப்12 அழுத்தினா "நோ டிவைஸ்"னு வருது. பென்டிரைவ் பின்னாடி சொருகித்தான் இருக்கு.

ஜம்பர்முனை

பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்ல இருக்கும். ஃபேட்32 ஆக ஃபார்மேட் பண்ணுங்க.

இரவுப்பூனை

வந்துடுச்சு. பதினாலு படம்.